பூ தூக்காத விசிறி

பொறியியல் படித்தவனைப் பெண் வீட்டில் சும்மா உட்கார வைக்கக் கூடாது. படித்ததைக் காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. எனக்கும் இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பெண்ணுக்குப் பூ வைத்தால்தான் கல்யாணம் உறுதி. அதுவரை யார் வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம். பெண்ணின் ஊரான ராசிங்காபுரத்தில் அந்தப் பூவை, நான் செய்த ரிமோட் விமானத்தில் பறக்கவிட்டுப் பந்தலில் இறக்குவது என்று முடிவெடுத்தேன். (கையில் கொடுத்தால் போதாதா என்று யாரும் கேட்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.)

விமானத்தின் மூக்கில் முதலில் இருந்தது பெரிய விட்டமும் குறைந்த இதழ்ச் சாய்வும் கொண்ட விசிறி. அது காற்றை நிறையத் தள்ளும், எடையைத் தூக்கும், ஆனால் மெதுவாகப் போகும். மாப்பிள்ளையின் விமானம் மெதுவாகப் போகலாமா? அதைக் கழற்றிவிட்டு, விட்டம் குறைந்து சாய்வு கூடியதை மாட்டினேன். சாய்வு கூடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக தூரம் முன்னே பாயும். முதல் நாள் போடி மலைச்சரிவில் காலியாக வீசிப் பார்த்தபோது ஏலத்தோட்டத்துக்கு மேலே சீறிக்கொண்டு போனது. அன்றிரவு ஒரு விஞ்ஞானியாகவே தூங்கினேன்.

மறுநாள் பெண் வீட்டுக்குப் பக்கத்து நெற்களத்தில் விமானத்தை நிறுத்தினேன். எதிரே பந்தலில் எல்லோரும். முன்வரிசையில் பெண்ணின் தாய்மாமா, சலவை வேட்டியில். அவர் சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் சரி. அம்மா கட்டிய மல்லிகைச் சரத்தை விமானத்தின் வயிற்றில் கட்டி முடுக்கினேன்.

விசிறி அலறியது. விமானம் எழும்பவில்லை. லோடு ஜீப்பை டாப் கியரில் போடிமெட்டு மலைப்பாதையில் ஏற்றப் பார்த்த கதைதான். வேகம் பிடிக்கும்வரை அந்தச் சின்ன விசிறிக்கு இழுவையே கிடையாது. தத்தித் தத்திக் களம் முழுவதும் ஓடியது. நிறுத்த வேண்டிய என் கட்டைவிரல் உறைந்துவிட்டது. விமானம் நேராக மாமாவின் கால்களுக்கிடையே புகுந்து, வேட்டியைச் சுருட்டி உருவிக்கொண்டுதான் அடங்கியது.

மாமா கோடு போட்ட பட்டாப்பட்டியில் நின்றார். என் அப்பா, நாங்கள் வந்த வேன் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா குனிந்து, வேட்டிக்குள்ளிருந்து மல்லிகையை நிதானமாகப் பிரித்தெடுத்து என் அம்மாவிடம் நீட்டினார்.

"பூவு வந்துருச்சுல்ல தங்கச்சி. வெரசா வச்சுவிடுங்க, நான் போயி வேற வேட்டி கட்டணும்."

பெண், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். பூ வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போகையில் மெதுவாகச் சொன்னாள்: "லோடு ஏத்துனா பெரிய விசிறில்ல மாட்டணும்?" எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். பயமும் அப்போதுதான் வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷம் என்றால் மாமா வாசலிலேயே வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். மாப்பிள்ளை வீட்டில் அப்படி நிற்பது மரியாதையா என்று அவர் மனைவி கடிந்துகொள்வார்.

"மரியாதைய அப்புறம் பாத்துக்குவோம். மொதல்ல மாப்ள கையில என்ன வச்சிருக்காருன்னு பாரு."