உறிஞ்சுச் சாமியாரின் வாய்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் அன்று பஸ் திரும்ப இடமில்லை. உறிஞ்சுச் சாமியார் ஆத்மநாதன் வந்திருந்தார். யாரோ சோற்றில் கலந்து கொடுத்த இடுமருந்துதான் சகல நோய்க்கும் காரணமாம். வலிக்கிற இடத்தில் சாமியார் வாய் வைத்து உறிஞ்சினால் மருந்து உருண்டையாக வந்துவிடுமாம். போன மாதம் அறந்தாங்கியில், துபாய்க்காரர் ஒருவரின் முட்டிவலியை வீடியோ காலிலேயே உறிஞ்சினாராம். செல்போனில் வாய் வைத்தார், உருண்டை வந்தது. விசா இல்லாமல், விமானம் இல்லாமல்!

வரிசையின் முதல் ஆள் காத்தாயி. மல்லிகை பறித்துப் பிழைப்பவள். விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தன. ஆஸ்பத்திரி டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்: "நோயை எதுக்க வேண்டிய, ரத்தத்துல இருக்கிற பி செல்லுங்க, ஆள் தெரியாம ஒங்க மூட்டுக்கே எதிரா வேலை செய்யுதுங்க. கீமோகைன்னு ஒரு ரசாயனம். பூ வாசனைக்கு வண்டு வர்ற மாதிரி அதுகள மூட்டுக்குக் கூப்பிட்டு, அங்கயே குடிவச்சு வளக்குது. மாத்திரைய நிறுத்திராதீங்க, விரல் கோணிப்போயிரும்."

மூன்று வாரத்துக்கு முன் அவளைப் பார்த்த சாமியார் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இடுமருந்து வைத்தது நாத்தனார் என்றும் சொன்னார். காத்தாயி நம்பினாள். மாத்திரை பரணுக்குப் போனது. இப்போது மொட்டைக் கிள்ளக்கூட விரல் மடங்கவில்லை.

சாமியார் அவள் கையைப் பிடித்தார். கூட்டம் வாயைப் பிளந்தது.

"கொஞ்சம் பொறுங்க சாமி."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் அந்த நாத்தனாரேதான், சின்னப்பிள்ளை. கையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"வாயக் கொப்பளிச்சுட்டு உறிஞ்சுங்க. மருந்து மதினி கையிலதான இருக்கு? ஒங்க வாயில இல்லையே?"

சாமியார் தலையை ஆட்டினார். "ம்ம்" என்றார்.

"ஏன் சாமி, ஒங்க பேச்ச யாரும் உறிஞ்சிட்டாகளா?"

காத்தாயிக்குச் சுருக்கென்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "கொப்பளிங்க சாமி. அப்பறந்தான் கைய நீட்டுவேன்."

சாமியார் விழுங்கப் பார்த்தார். புரையேறியது. ஒரே இருமல், நாலு உருண்டைகள் மண்ணில் விழுந்தன. வரிசையில் நின்ற நாலு பேருடைய நோயும் தயாராக இருந்திருக்கிறது!

அப்போதும் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "அந்த ரெண்டாவது எங்களுது, மிதிச்சுராதீங்கப்பா!"

சின்னப்பிள்ளை ஒன்றைப் பிய்த்துப் பார்த்தாள். "மெழுகும் மசுருந்தான் மதினி. இம்புட்டு மசுரு எந்தலையிலயே இல்ல."

காத்தாயி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "வாடி, மாத்திரைய எடுத்துக்கிட்டு டாக்டரம்மாட்டப் போவோம். திட்டுவாக. நீயும் கூட நில்லு."

அத்தனை பேர் வாயைப் பிளந்து நின்றார்களே, அந்த ஒரு வாயைத் திறந்து காட்டச் சொல்ல இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லையே! மூளை எல்லார் தலையிலும் இருக்கிறது, ஐயா. அதிலும் ஒருவன் வாய் வைப்பதற்குள் கொஞ்சம் பயன்படுத்திவிடுங்கள்.