மோரில் சர்க்கரை போட்ட கதை

ரவுண்ட் ராக், டெக்சாஸ்

அன்புத் தங்கை சாந்தாமணிக்கு அண்ணன் கோபாலசாமி எழுதுவது. மகன் சபரி வீட்டில் நானும் உன் அண்ணி பவளமும் நலம். அந்த நலத்தில் என் இரத்த அழுத்தத்தைச் சேர்க்கவில்லை.

போனில் சொன்னால் "சரிங்ணா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பிரஷருக்கு உப்புதான் எதிரி, இனிப்பு ஒன்றும் செய்யாது என்று போன மாதம் உனக்கு யோசனை சொன்னேனே, அது தவறு. நானும் உப்பை விட்டேன், சோறு இறங்கவில்லை, வெல்லம் தொட்டுக்கொண்டேன், பிறகு தோசைக்குத் தேன், மோருக்குச் சர்க்கரை என்று போய், நூற்று ஐம்பது இருந்த அழுத்தம் நூற்று அறுபத்து நான்கு ஆகிவிட்டது. சபரி பதறிப்போய் டாக்டர் ஜலஜாவிடம் கூட்டிப்போனான். இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண்.

"சால்ட் கம்மி பண்ணது சூப்பர் அங்கிள். ஆனா மோர்ல யாராச்சும் சுகர் போடுவாங்களா?"

"டாக்டருங்க எல்லாரும் உப்புதான் கூடாதுன்னீங்க. சர்க்கரையப் பத்தி மூச்சே விடலயேம்மா!"

கோபப்படாமல், நான் உட்கார்ந்திருந்த பரிசோதனைக் கட்டிலில் விரித்திருந்த காகிதத்திலேயே படம் போட்டாள். சாப்பிட்ட சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலின். தசை அதன் பேச்சைக் கேட்காவிட்டால் உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். உனக்குப் புரிய, எட்டாம் வகுப்பு அடங்கவில்லை என்று வாத்தியார் கத்துகிறார் என்று வைத்துக்கொள். எட்டாம் வகுப்பு அப்போதும் அடங்காது. பக்கத்து ஏழாம் வகுப்பு நடுங்கிப்போய்ச் சொல்லாத வேலையையும் செய்யும். சிறுநீரகம் அந்த ஏழாம் வகுப்பு. வெளியே தள்ளவேண்டிய உப்பைப் பிடித்துவைக்கிறது, கூடவே தண்ணீரும் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. இப்படியும் ஒரு வழி இருக்கிறதாம்! முப்பத்தாறு வருடம் அறிவியல் நடத்தியவன் நான், இவ்வளவு தெளிவாக ஒரு படம் போட்டதில்லை. அந்தக் காகிதத்திலேயே பத்துக்குப் பத்து போட்டேன்.

"தேங்க்ஸ் அங்கிள், எங்க அப்பாகிட்ட காட்டணும்" என்று கிழித்து வைத்துக்கொண்டாள். என்ன பெண் அவள்!

ஆகவே இனிப்பை நிறுத்து, சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள், மாத்திரையை விட்டுவிடாதே. என் பேச்சைக் கேட்டு உனக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று மூன்று நாளாக எனக்குச் சோறே இறங்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நூற்று இருபதுக்கு எண்பதாக நீடூழி வாழ்க.

அன்புடன்,
அண்ணன் கோபாலசாமி

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் பவளம் உனக்குப் போன் போட்டுவிட்டாள். நீ சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அண்ணன் சொன்னத நான் என்னிக்கு அண்ணி கேட்டிருக்கேன்? டாக்டர் சொன்னபடிதான் சாப்பிடறேன். பிரஷர் நார்மல்." மிக்க மகிழ்ச்சி. மேலே எழுதியிருப்பதையும் அப்படியே கேட்காமல் விட்டுவிடு.