ஒஸ்லோவின் ஒரே யானைக்கட்சிக்காரர்

அமெரிக்க அரசியலுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அமெரிக்கா இருக்கும் திசைப்பக்கம்கூடப் போகாமல், ஒஸ்லோவின் கடைக்கோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் சலவை அறையில் நின்றுகொண்டு, தோளில் ஈரத் துண்டோடு அந்த வேலையைச் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஆனையண்ணை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பெயரைக் கேட்டு ஆளைக் கற்பனை செய்தால் ஏமாந்து போவீர்கள். ஆள் முருங்கைக்காய். சட்டையைக் கொடியில் காயப்போட்டது போல உடம்பில் போட்டிருப்பார். அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்கு யானை அடையாளம், மற்றதற்குக் கழுதை. அன்றைக்கு ஆட்சியில் இருந்தது யானை. இவர் யானைக்கட்சி. அதனால் கட்டடத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் அது.

நான் 2006ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கம்ப்யூட்டர் வேலைக்காக ஒஸ்லோ வந்தேன். திருச்சியிலிருந்து புதுமனைவி ரேவதியையும், அவள் அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய் மூட்டையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வீடு கிடைத்தது வெஸ்ட்லியில். மெட்ரோவில் அசந்து தூங்கிவிட்டாலும் கவலைப்பட வேண்டாத இடம் அது. அதற்கு மேல் தண்டவாளமே கிடையாது. கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒரு நார்வேக்காரர் வெளிநாடு போனதால், தன் வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

துணி துவைக்க அடித்தளத்தில் பொது அறை. முதல் நாள் இயந்திரத்தின் முன்னால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று விழித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, நீர் எந்தக் கட்சி?"

'நீர்' என்று யாராவது என்னைக் கூப்பிட்டு நான் கேட்டது புராண நாடகத்தில்தான். திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் துண்டு, மறு கையில் ஒரு முழு ரொட்டி.

"எந்தக் கட்சியும் இல்ல சார். ஊர்லயே ஓட்டு இல்ல எனக்கு."

"சார் எண்டாதேயும், நான் வாத்தியே? அண்ணை எண்டு கூப்பிடும். நான் கேட்டது அமெரிக்காவிலை."

"அமெரிக்காவுலயா? அந்த ஈராக் சண்டையெல்லாம் பார்த்தா... கழுதைக்கட்சின்னுதான் சொல்லணும்."

"நினைச்சனான்!" என்றார். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. ரொட்டியை என் கையில் திணித்தார். "இந்தாரும் பாண். இப்ப இதிலை இரும், கதைப்பம்."

அவர் ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை வேலை பார்ப்பவர். மதியத்துக்கெல்லாம் வீடு வந்துவிடுவார், கையில் மிஞ்சிய ரொட்டிகளோடு. அது அன்பளிப்பு என்று முதலில் நினைத்தேன். இல்லை, அது பொறி. ரொட்டியை வாங்கிய மனிதன் பாதிப் பேச்சில் எழுந்து போக முடியாது அல்லவா? சலவை அறைக் கதவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார். படிக்கட்டில் ஏறி இறங்குகிற எவரும் தப்பக் கூடாது என்பதற்காக.

ஏன் யானைக்கட்சி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இந்த நாட்டிலை பேப்பர் முழுக்கக் கழுதை. டிவி முழுக்கக் கழுதை. என்ரை மனுசி கழுதை, நீர் கழுதை. மற்றப் பக்கத்துக்குக் கதைக்க ஒரு ஆள் வேண்டாமே?"

"அதுக்கு நீங்கதானா கிடைச்சீங்க?"

"வேறை ஒருத்தரும் வரேல்லை. அப்ப நான் வந்தனான்."

பத்திரிகைகளின் பாரபட்சத்தை அவர் கண்டுபிடிக்கிற விதமே தனி. ஒருநாள் செய்தித்தாளை விரித்துக் காட்டினார். "இதைப் பாரும். ஜனாதிபதியின்ரை படம். எப்ப போட்டாலும் வாயை ஆவெண்டு திறந்தபடி. கழுதைக்காரரின்ரை படத்தைப் பாரும். வானத்தைப் பாத்துப் புன்சிரிப்பு!" என்றார். அதோடு விட்டாரா? அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கே போன் போட்டார். ஏன் வாயைத் திறந்த படம் என்று கேட்டார். அவர் பேசிக்கொண்டிருந்தார், அதனால்தான் என்று மறுமுனையில் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். "அப்ப மற்றவர் ஊமையோ?" என்று கேட்டிருக்கிறார் இவர். போன் வைக்கப்பட்டது.

உடனே, வாயை மூடிய ஜனாதிபதியின் படம் ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து, சலவை அறைச் சுவரில் ஒட்டினார். மறுநாளே யாரோ பேனாவால் அதற்கு மீசை வரைந்துவிட்டார்கள். ஆனையண்ணை கோபித்துக்கொள்ளவில்லை. கழுதைக்கட்சித் தலைவர் ஒருவரின் படத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டி, அதற்கும் தன் கையாலேயே மீசை வரைந்தார். "இப்ப சரி" என்று இரண்டையும் தள்ளி நின்று பார்த்தார்.

பொருளாதாரம் இன்னும் மோசம். பணக்காரனுக்கு வரியைக் குறைத்தால் நாடு செழிக்கும் என்பது அவர் கொள்கை. "காசை அவன் தின்னவே போறான்? கடை திறப்பான், வேலை குடுப்பான், அது வழிஞ்சு வழிஞ்சு எங்களுக்கு வரும்" என்பார். மேலே துணி காயப்போட்ட கம்பியிலிருந்து அவர் தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். "இதானாண்ணே அது?" என்று கேட்டேன். இரண்டு நாள் எனக்கு ரொட்டி இல்லை.

அவர் அதிகம் ரசித்துச் சொன்னது அமெரிக்க மேல்சபையின் ஒரு வழக்கத்தை. ஒரு தீர்மானம் பிடிக்கவில்லையா? எழுந்து பேசத் தொடங்க வேண்டும். நிறுத்தக் கூடாது. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், சமையல் குறிப்பு வாசித்தாலும் சரி. பேச்சு நிற்கும்வரை வாக்கெடுப்பு நடத்த முடியாது. "என்ன ஒரு நாடு பாரும்!" என்று கண்கலங்குவார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்த வழக்கத்துக்கு நான் கோயில் கட்டப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

இரண்டாவது குளிர்காலத்தில் ரேவதிக்கு ஏழாம் மாதம். சாம்பார்ப்பொடிக்கு ஆசைப்பட்டு மிளகாய் வறுத்தாள். கட்டடமே அலறியது. தீ எச்சரிக்கை மணி. குழந்தை குட்டிகளோடு எல்லோரும் பனியில் இறங்கி நிற்க, தீயணைப்பு வண்டி வந்து, எங்கள் வாணலியை நான்கு வீரர்கள் சூழ்ந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். மிச்ச மிளகாயை ரேவதி மூட்டை கட்டிப் பரணில் போட்டாள்.

அடுத்த வாரம் மணி மறுபடியும் அலறியது. சத்தியமாக அன்று நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் பனியில் நடுங்கியபடி நின்ற அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். தயிர்சாதத்துக்கு மணி அடிக்காது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அங்கே கட்டடத்தை நடத்துவது குடியிருப்பவர்களின் சங்கம். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சங்கம் அனுமதி தர வேண்டும். எங்கள் அனுமதி முடிகிற நேரம். அதை நீட்டிக்கக் கூடாது என்று தீர்மானம் வந்தது. நிறைமாதத்தை நோக்கிப் போகிற மனைவியோடு, நடுக்குளிரில், ஒஸ்லோவில் நான் எங்கே வீடு தேடுவேன்? ரேவதி கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் பக்கத்துப் பாலர் பள்ளியின் கூடத்தில். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், தங்கமான நார்வேக்காரர். தீர்மானத்தை வாசித்தார். யாழ்ப்பாணத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். கைக்குழந்தைகளோடு பனியில் நின்றவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் நார்வே மொழி அப்போது காய்கறி வாங்கத்தான் போதும். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைவர் மரியாதைக்குக் கேட்டார்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஆனையண்ணை எழுந்தார்.

நீதியில் தொடங்கினார், நேரே அமெரிக்க அரசியலமைப்புக்குப் போனார். எல்லாம் சலவை அறையில் நான் ஏற்கெனவே கேட்டவை என்பதால் நார்வே மொழியிலும் எனக்குப் புரிந்தது. அங்கிருந்து வருமான வரி. அங்கிருந்து பத்திரிகைப் படங்களில் திறந்த வாயும் மூடிய வாயும். அங்கிருந்து கோதுமை விலை. பிறகு ரொட்டி மாவு ஏன் குளிர்காலத்தில் தாமதமாகப் பொங்குகிறது என்று விளக்கினார். நடுநடுவே என்னைக் காட்டி, "இந்த மனிதனிடம் ஒருவராவது கேட்டீர்களா?" என்பார், மீண்டும் வரிக்குப் போவார். நார்வேக்காரர்கள் பேசுகிறவரை இடைமறிக்க மாட்டார்கள். அது எத்தனை பெரிய ஆபத்து என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து அந்தக் கூடம் ஒரு பாட்டுக்குழுவுக்கு. அவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து, பின்னால் நின்று கேட்கத் தொடங்கினார்கள். ஏதோ சொற்பொழிவு என்று நினைத்து ஒரு பாட்டுக்கார அம்மாள் கைதட்டக்கூடச் செய்தார். வாக்கெடுப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, ரெண்டாவது தடவை நாங்க இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள்தான் வறுத்தனீங்கள் எண்டுதான் நானும் நினைச்சனான்."

"அப்புறம் ஏண்ணே?"

"உம்மடை பக்கம் ஒருத்தரும் இல்லை, தம்பி. ஒரு பக்கம் வெறுமையாக் கிடந்தால் எனக்கு இருக்கேலாது."

அடுத்த மாதம் வருவதற்குள் மூன்றாவது மணி அடித்தது. நானும் ரேவதியும் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் குழந்தைக்குக் கம்பளி உடுப்பு வாங்கிக்கொண்டு, பைகளோடு வந்து சேர்ந்தோம். கட்டடமே பனியில் நின்றது. எங்களைப் பார்த்தார்கள். எங்கள் கையிலிருந்த பைகளைப் பார்த்தார்கள். மேலே எங்கள் இருட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். நாங்களும் போய் வரிசையில் நின்றுகொண்டோம், கொஞ்சம் கம்பீரமாகவே.

மணியைச் சோதிக்க ஆள் வந்தான். கோளாறு மணியில் இல்லை. சலவை அறையின் நீராவி படிக்கட்டு வழியாக ஏறி மணியை உசுப்பிவிடுகிறது. "இந்தக் கதவுக்கு யார் கட்டை வைப்பது?" என்று கேட்டான். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ஆனையண்ணை குனிந்து கட்டையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் அனுமதி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நீட்டிக்கப்பட்டது. அடுத்த தீர்மானம் ஆனையண்ணைக்குச் சலவை அறைக்குள் இனி அனுமதி இல்லை என்பது. யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டார். நான் எழுந்தேன். காய்கறி வாங்குகிற நார்வே மொழியில், இந்த மனிதர் கதவைத் திறந்து வைத்தது எங்களோடு பேசுவதற்காகத்தான், முதல் நாள் எனக்கு இந்த ஊரில் ரொட்டி கொடுத்தவர் இவர் என்று சொன்னேன். சபை கொஞ்சம் இளகியது. இரண்டொருவர் தலையாட்டினார்கள். பார்த்தால், ஆனையண்ணை துள்ளி எழுகிறார்.

"இல்லை! தம்பி சொல்லுறது ஒருபக்கக் கதை. பிழை என்ரை பிழைதான்!"

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். தனக்காகப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டது. உடனே எதிர்ப்பக்கம் காலியாகிவிட்டதே! நார்வே மொழிக்கு மாறி, தன்னைத் தானே கிழி கிழியென்று கிழித்தார். சின்னப் பிள்ளைகள் பனியில் நின்ற கதையை எனக்கே கண்ணீர் வரும்படி சொன்னார். வாசலில் பாட்டுக்குழு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், தலைவர் அலறியடித்துக்கொண்டு தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. மரக்கட்டையை மட்டும் சங்கம் பறிமுதல் செய்தது.

எங்கள் மகள் அந்த வீட்டில் இருந்தபோதுதான் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்த இலையுதிர்காலத்தில் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. "சந்தை தானாத் திருந்தும்" என்று ஆனையண்ணை ஒற்றை ஆளாகச் சமாளித்தார். அன்றைக்கு ஆளுக்கு இரண்டு ரொட்டி கொடுத்தார். பிறகு தேர்தல் வந்தது. யானை தோற்றது. ஒஸ்லோவே திருவிழாக் கோலம். அமெரிக்கத் தேர்தலுக்கு இங்கே கேக் வெட்டியவர்களும் உண்டு. சலவை அறையில் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்யக் காத்திருந்தோம். ஆள் வரவில்லை.

மாலையில் ரேவதி கேசரி கிண்டித் தந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மலர் அக்கா கதவைத் திறந்தார்.

"வாங்கோ தம்பி. விடியத்திலையிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறார்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்குள்ளை ஒரே சந்தோஷம். இந்த நாட்டிலை ஒவ்வொரு தேர்தலிலையும் தொழிலாளர் பக்கம்தான் வோட்டுப் போடுறவர். அண்டைக்கு வங்கி விழேக்கை கூடக் குசினிக்குள்ளை அடுப்படியிலை வந்து நிண்டு திட்டினவர். வெளியிலை காட்டேலாதாம்."

உள்ளே அவர் இழவு வீட்டுக்காரர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேசரியை நீட்டினேன்.

"உங்க ஆளு தோத்தாலும் நல்லாத்தாண்ணே போராடினாரு. பேப்பர்காரங்க அவருக்கு நியாயமே செய்யல."

நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நீர் கழுதையெல்லே?"

"இன்னைக்கு ஒரு நாள் யானை. நீங்க ஓய்வு எடுத்துக்குங்க."

ஒரு கரண்டி கேசரியை வாயில் போட்டுக்கொண்டார்.

"உண்மையாவே?"

"சத்தியமாண்ணே."

"அப்ப நான் கொஞ்சம் சிரிக்கலாம்" என்றார்.

சிரித்தார், செய்தித்தாளில் வரும் படம் போல வாயை ஆவென்று திறந்து. மடியில் இருந்த என் மகளும் ஏனென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். அன்று மாலை முழுவதும் ஒஸ்லோவின் ஒரே யானைக்கட்சிக்காரனாக நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்காக இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.