பதினோரு நிமிஷம் சாரும் பாலத்தில் நின்ற வில்லாளியும்

கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் கோடானுகோடிப் பேரில், ஒரு எதிரியைக்கூட அடிக்காமல், ஒரு புதையலைக்கூடத் தோண்டாமல், ஒன்பது வருஷம் முதல் லெவலிலேயே நிம்மதியாக இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் டெல்லி ஆர்.கே.புரத்தில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில், எனக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருந்தார். பெயர் பதினோரு நிமிஷம் சார்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது ஆபீஸ் வருகைப் பதிவோடு சரி. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினால், அந்த விளையாட்டு திறந்து அவருடைய வீரன் எழுந்து நிற்கப் பதினோரு நிமிஷம் ஆகும். பத்தரை ஆகாது, பன்னிரண்டும் ஆகாது. எங்கள் பிளாக்கில் அதுவே ஒரு கால அளவு ஆகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், "நடந்தா ரெண்டு லோடிங்" என்போம். என் மனைவி கொண்டைக்கடலையை மூன்று லோடிங் வேகவிடுவாள்.

நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ், ஒரே செக்‌ஷன், எதிரெதிர் மேஜை. அவர் திருநெல்வேலிப் பக்கம், நான் கும்பகோணம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு நான் கீழே இறங்கினால், அவர் அப்போதுதான் பட்டனை அழுத்தியிருப்பார். அந்தக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் சிவப்பு விளக்குகள் எரியும், மூன்று விசிறிகள் சுற்றும். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் நேரு பிளேஸுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி ஆசையாக வாங்கி வந்தது. அந்தக் காலத்தில் அது ராஜா. இப்போது சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்கவே பதினோரு நிமிஷம் தேவைப்படுகிற ராஜா.

"உக்காரும்வே, லோடு ஆயிட்டிருக்கு" என்பார். சுக்குக் காபி வரும். திரையில் ஒரு நீலக் கோடு எறும்பாய் ஊரும். ஜன்னலுக்கு வெளியே குளிர்கால வெயில் புல்வெளியில் கிடக்கும். கிளிகள் கத்தும். அந்தப் பதினோரு நிமிஷம் நானும் அவரும் பெரிதாக எதுவும் பேசியதில்லை. ஒருநாள் அவரே சொன்னார்:

"இது நல்ல நேரம்வே. லோடு ஆவுதப்ப யாரும் நம்மகிட்ட ஒண்ணும் கேக்க முடியாது. நாமளும் ஒரு முடிவும் எடுக்க வேண்டாம்."

ஆபீஸில் ஒரு முடிவும் எடுக்காமல் முப்பது வருஷம் ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் அதை இவ்வளவு அழகாக அனுபவித்தவரை நான் பார்த்ததில்லை.

நீலக் கோடு முடிந்ததும் ஒரு உலகம் திறக்கும். அதில் டிராகன் உண்டு, கோட்டை உண்டு, படையெடுப்பு உண்டு. இவர் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார். இவருடைய வீரன் கொம்பு வைத்த தலைக்கவசமும் ஆளுயரக் கோடாரியுமாக நேரே ஒரு பாலத்துக்கு நடப்பான். அங்கே எப்போதும் அந்திப் பொழுது. கீழே ஆறு ஓடும், மேலே மஞ்சள் இலைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பாலத்தின் நடுவில் பச்சை உடை போட்ட ஒரு வில்லாளிப் பெண் நிற்பாள். அவள்தான் அவருடைய மனைவி செண்பகம்.

அந்த அம்மாவும் மத்திய அரசு உத்தியோகம்தான். கௌஹாத்திக்கு மாற்றலாகி, பெண்கள் விடுதி ஒன்றில் இருந்தார். அந்த விடுதியில் இன்டர்நெட்டை முறை வைத்துத்தான் விடுவார்கள். செண்பகம் அம்மாவின் மாடிக்கு ஞாயிறு மாலை நாலிலிருந்து நாலரை வரை. அந்த அரை மணியில் இவர்கள் இருவரும் பாலத்தில் சந்திப்பார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்ப்பார்கள். எப்போதாவது ஒரு வரி டைப் அடிப்பார்கள். போகிற வருகிற அயல்தேசத்து வீரர்கள், பாவம் புதுசு போலிருக்கிறது என்று நினைத்து இவர்களுக்கு ரொட்டியும் கேடயமும் தானம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"சார், போன்லயே பேசிடலாமே?" என்று ஒருதரம் கேட்டேன்.

என்னை அவர் பரிதாபமாகப் பார்த்தார். "போன்ல பேசினா கேஸ் புக் பண்ணியாச்சா, கீசர் ரிப்பேர் பாத்தாச்சாம்பா. நானும் ஆமாம்பேன். பாலத்துல நின்னா ரெண்டு பேருக்கும் கேஸ் ஞாபகமே வராதுல்லா?"

இப்படி இருக்கையில், விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்த உலகத்தை இன்னும் பெரிதாக்கினார்கள். புதிதாக ஒரு பாலைவனமும் இரண்டு கடலும் சேர்ந்தன. சாருடைய கம்ப்யூட்டர் அத்தனையையும் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியிருந்தது. பதினோரு நிமிஷம் இருபத்தாறானது. முன்னாடியே பட்டனை அழுத்தலாமே என்றால், "நாலு மணின்னா நாலு மணிதாம்வே, முன்னால அழுத்தினா முறையில்ல" என்பார். அவர் பாலத்துக்கு மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தால், வில்லாளி கையை ஆட்டிவிட்டு மறைந்துபோவாள். மூன்று ஞாயிறு இப்படியே போயிற்று. நாலாவது ஞாயிறு பாலத்தில் ஒரு வரி காத்திருந்தது.

"பக்கத்து ரூம் பொண்ணு கிளாஸுக்கு என் அரை மணியைக் கேக்கா. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமையும் நீங்க நேரத்துக்கு வரலைன்னா குடுத்திருவேன். ஒத்தையில நிக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

சார் அந்த வரியைப் பலமுறை படித்தார். காபி ஆறிப்போயிற்று. அவர் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

மறுநாளே காரியத்தில் இறங்கினார். காரியம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஃபைல் திறப்பது. வீட்டிலேயே ஒரு ஃபைல் போட்டார். பொருள்: "பழைய விளையாட்டுக் கணினிக்கு எஸ்.எஸ்.டி. தேர்வு செய்வது குறித்து." முதல் குறிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம். "மேற்படி இயந்திரம் தாமதிக்கிறது. பயனரின் துணைவியார் மனவருத்தம் தெரிவித்துள்ளார். ஆவன செய்யலாம்."

எஸ்.எஸ்.டி. என்றால் என்ன என்று எனக்கு அவர்தான் விளக்கினார். "இப்ப உள்ள இருக்கது ஹார்டு டிஸ்க். தட்டு ஒண்ணு சுத்தும், ஊசி ஒண்ணு தேடும். நம்ம ரெக்கார்டு ரூம் ஆளு ஏணி போட்டு ஏறித் தேடுவாம்லா, அந்தக் கதை. எஸ்.எஸ்.டி-யில ஏணியும் கிடையாது, தேடுததும் கிடையாது. கேட்டதும் எடுத்துக் குடுத்திரும்."

இவ்வளவு தெரிந்தவர் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் கமிட்டி இல்லாமல் எப்படித் தேர்வு செய்வது? மூன்று பேர் கமிட்டி அமைந்தது. அவர், நான், அப்புறம் சார்பற்ற உறுப்பினராக, எங்கள் பிளாக் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு இஸ்திரி போடுகிற பையா, அதாவது இந்திக்கார அண்ணாச்சி. ஒரு வாரம் கொள்ளளவு பற்றி விவாதித்தோம். ஒரு வாரம் வேகம் பற்றி. இரண்டு ஞாயிறு காற்றில் போயின. பாலத்தில் வில்லாளி தனியாக நின்றாள். சார் இருபத்தாறு நிமிஷமும் திரையைப் பார்த்தபடி கையைப் பிசைந்தார்.

கடைசியில் இரண்டு படங்கள் மேஜைக்கு வந்தன. ஒன்று தட்டையான சின்னப் பெட்டி, சீட்டுக்கட்டு அளவு. இன்னொன்று சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு குச்சி. குச்சிதான் அதிவேகம் என்று விளம்பரம் சொன்னது. இஸ்திரி பையா பெட்டியைத் தள்ளிவிட்டுக் குச்சியின் மேல் விரலை வைத்தார். "சோட்டா வாலா லேலோ, சாப்" என்றார். சின்னது வாங்குங்கள், சின்னதுதான் சீக்கிரம் ஓடும் என்பது அவருடைய அனுபவம். சார் தலையாட்டினார். நானும் கையெழுத்துப் போட்டேன். ஏகமனதாகத் தீர்மானம்.

இதில் ஒரே ஒரு காரியத்தை நாங்கள் செய்யவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கவில்லை. ஏனென்றால் அதன் பின்பக்கத்துத் திருகாணி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "இது கிழிந்தால் வாரண்டி செல்லாது." வாரண்டி முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"இருக்கட்டும்வே" என்றார் சார். "சீல் சீல்தான். மேலிடத்து உத்தரவு இல்லாம அதுல கை வைக்கப்படாது."

குச்சி வந்து சேர்ந்தது. இனி திறக்காமல் முடியாது. மேலிடம் கௌஹாத்தியில் இருந்தது. சார் முறைப்படி கேட்டு ஒரு செய்தி அனுப்பினார். அரை நிமிஷத்தில் பதில் வந்தது: "அனுமதி அளிக்கப்படுகிறது. கூடவே உள்ள தூசியையும் தொடைங்க." அதை அச்செடுத்து ஃபைலில் சேர்த்த பிறகுதான் ஸ்டிக்கரைக் கிழித்தார்.

உள்ளே டெல்லி நகரத்தின் பத்து வருஷத்துத் தூசி சிவப்பு வெளிச்சத்தில் பஞ்சாய் மிதந்தது. கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சார் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இத எங்கவே சொருவ?"

சொருக இடமே இல்லை. அந்த மதர்போர்டு பிறந்தபோது இப்படி ஒரு குச்சி வரும் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. கடைசி ஞாயிற்றுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

சார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அவ அந்தப் பொண்ணுக்குக் குடுத்திருவாவே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்ட குற்றத்தில் எனக்கும் பங்கு இருந்ததே.

சனிக்கிழமை காலை மெட்ரோ பிடித்து இருவரும் நேரு பிளேஸ் போனோம். சார் குச்சியைப் பிரித்த உறையோடு, பில்லோடு, ஃபைலோடு கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் சர்தார்ஜி. சார் போனில் எடுத்துவந்த மதர்போர்டு படத்தைப் பார்த்ததும் மிக நெருங்கிய உறவினரை அடையாளம் கண்டவர் போல எழுந்து நின்றார்.

"அரே அங்கிள்ஜி, இது எங்க தாத்தா காலத்து போர்டு!" என்று இந்தியில் முழங்கினார். "இதுக்கு எதுக்குக் குச்சி? இந்தப் பெட்டி போதும். பழைய ஹார்டு டிஸ்க் ஒயரு இருக்குமே, அதுலயே மாட்டுங்க. இந்த மிஷினுக்கு இதுக்கு மேல வேகம் குடுத்தாலும் தெரியாது. ஆனா இதுவே உங்களுக்குப் பறக்கிற மாதிரி இருக்கும். சண்டை போடுறப்போ படம் ஒண்ணும் அழகாயிடாது, ஆனா கேம் சட்டுனு திறக்கும்."

"நாங்க சண்டை போடுததில்ல" என்றார் சார் பணிவாக. "பாலத்துக்குப் போவணும். அவ்வளவுதான்."

சர்தார்ஜி ஃபைலை வாங்கிப் புரட்டினார். துணைவியாரின் மனவருத்தம் வரை வந்தார். நிறுத்தினார். குச்சியை வாங்கிக்கொண்டு, இஸ்திரி பையா தள்ளிவிட்ட அதே ரகத்துப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பழைய டிஸ்க்கை அப்படியே புதிதில் நகலெடுக்கும் வழியையும் சாருடைய ஃபைலிலேயே எழுதிக் கொடுத்தார். அன்று பகல் முழுக்க அந்த நகல் ஓடியது. சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு வந்தது. நாலு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது பட்டனை அழுத்தினார். வழக்கம்போல அடுப்பில் பாலை வைக்க எழுந்தார். சமையலறை வாசலைத் தாண்டவில்லை, இசை கேட்டது. திரும்பிப் பார்த்தால் கொம்பு வைத்த வீரன் எழுந்து நின்று கோடாரியைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அய்யோ, அதுக்குள்ளயா!" என்று ஓடிவந்தார். வீரன் பாலத்துக்கு ஓடினான்.

பாலத்தில் யாரும் இல்லை.

அந்தி வெளிச்சம் இருந்தது, இலைகள் விழுந்தன, ஆறு ஓடியது. வில்லாளியைக் காணோம். "குடுத்துட்டாவே" என்றார் சார். அவருடைய வீரன் பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். யாரோ ஒரு அயல்தேசத்து மந்திரவாதி வந்து இரக்கப்பட்டு ஒரு ரொட்டி வைத்துவிட்டுப் போனான். மணி நாலு ஐந்து ஆயிற்று, நாலு எட்டு ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே கிளிகள் வழக்கம்போலக் கத்தின.

நாலு பத்துக்குப் பச்சை உடை தெரிந்தது. வில்லாளி சாவகாசமாக நடந்து வந்தவள், பாலத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள்.

"நீங்களா? எப்ப வந்தீங்க?" என்று எழுத்து வந்தது. "எப்படியும் லேட்டாத்தான் வருவீங்கன்னு துணி காயப்போட்டுட்டு வாரேன்."

சார் ஒற்றை விரலால் டைப் அடித்தார். "பதினோரு நிமிஷமா நிக்கேன்."

பிறகு ஒரு வரி வந்தது.

"இத்தன வருஷமா நான் நின்னேம்லா."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வீரன் கைப்பிடிச் சுவரோரம் நகர்ந்து வில்லாளிக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. அன்றைக்குக் காபியும் இல்லை, லோடிங்தான் இல்லையே. சத்தம் போடாமல் மாடி ஏறி வந்துவிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் சாருக்கும் கௌஹாத்திக்கே மாற்றல் கிடைத்தது. கம்ப்யூட்டரைச் சீலையில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினார். ஒரே ஊரில், ஒரே வீட்டில் இருந்துகொண்டும் இருவரும் ஞாயிறு நாலு மணிக்குப் பாலத்துக்குப் போகிறார்களாம். கேஸ் ஞாபகம் வராமல் இருக்க வேறு இடம் கிடையாது என்கிறார்.

கீழ்வீட்டில் இப்போது வேறொருவர் இருக்கிறார். நல்ல மனிதர், எதையும் சட்டென்று முடிப்பவர். நானும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். தொட்டால் திறக்கிறது. ஆனாலும் ஞாயிறு மாலை நாலு மணிக்கு நான் அதைத் தொடுவதில்லை. சுக்குக் காபி போட்டுக்கொண்டு, அணைந்து கிடக்கிற திரைக்கு எதிரே, பதினோரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறேன்.