ஜப்பான் அமீனாவும் ஒற்றைக்கண் பொம்மையும்

எமனுக்குக் கடுக்காய் கொடுத்தவர்கள் உண்டு. போலீசுக்கு டிமிக்கி கொடுத்தவர்கள் உண்டு. ஜப்பான் அமீனாவுக்கு டிமிக்கி கொடுத்தவர் திருவள்ளூர் தாலுக்காவிலேயே ஒருத்தர் கிடையாது. கோர்ட்டு சம்மனை எடுத்துக்கொண்டு போய், ஆள் எந்தப் பொந்தில் ஒளிந்திருந்தாலும் தேடிப்பிடித்து, கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவதுதான் அமீனா வேலை. ஜப்பான் சக்கரவர்த்தி பேரிலேயே யாராவது நம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தாலும், மனுஷர் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்திருப்பார். போனதுதான் சாக்கென்று அங்கேயே தங்கியும் இருப்பார். அப்படி ஒரு ஜப்பான் பைத்தியம்.

நான் திருவள்ளூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. மாசாமாசம் சம்பளப் பட்டியலில் நானே அடிப்பேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். காக்கிச் சட்டை, மூக்குப்பொடி வாசனை, தோளில் ஒரு தோல்பை. பைக்கு இரண்டு அறை. ஒன்றில் சம்மன், இன்னொன்றில் ஜப்பான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி மெட்ராஸ் போவார். இரும்புத் தாது ஏற்றுவதற்கு ஜப்பான் கப்பல்கள் வந்து நிற்கிற காலம் அது. துறைமுக வாசலில் நின்றுகொண்டு வெளியே வருகிற மாலுமிகளை மடக்குவார். இவருக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு இவர் பாஷை தெரியாது.

"அப்புறம் எப்படிப் பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"அவன் ஒரு வாட்டி குனிவான், நான் ஒரு வாட்டி குனிவேன். இப்டியே கால் மணி நேரம் போவும் டைப்பிஸ்ட்டம்மா. கடைசில அவன் பேஜாராயி ஒரு தீப்பெட்டி குடுத்துட்டுப் போயிடுவான்."

இப்படிச் சேர்ந்த தீப்பெட்டிகள், சிகரெட் டப்பாக்கள், காகித விசிறிகள், கையும் காலும் இல்லாத மரப்பொம்மைகள், பற்றாக்குறைக்கு மூர் மார்க்கெட் பழைய சாமான் கடை. வீட்டில் மனுஷர் உட்கார இடமில்லை என்று ஊரே சொல்லும்.

யார் வீட்டுக்குப் போனாலும் தட்டு, தம்ளர், ஜாடி எல்லாவற்றையும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பது அவர் வழக்கம். புதிதாக மாற்றலாகி வந்த முன்சீப் எங்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்தார். பீங்கான் கோப்பை. அவ்வளவுதான், இவருக்குக் கை நமநமவென்று அரித்துவிட்டது. காபி உள்ளே இருக்கிறது என்பது மறந்தே போய்க் கோப்பையைக் கவிழ்த்தார். முன்சீப்பின் வெள்ளை வேட்டி வடுமாங்காய் சாடி மாதிரி ஆயிற்று.

"என்னய்யா பண்றீர்?" என்று அலறினார் முன்சீப்.

"பயப்படாதீங்க சார். நம்ம ஊரு சரக்குதான்" என்றார் இவர், ரொம்ப ஏமாற்றத்தோடு.

அப்படி என்னதான் தேடுகிறார்? மறுநாள் கேட்டேன். பையிலிருந்து ஒரு செல்லுலாய்டு குழந்தைப் பொம்மையை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று இங்கிலீஷில் பொடி எழுத்து.

"சண்டைல தோத்துட்டாங்க இல்ல? அமெரிக்காக்காரன் வந்து குந்திக்கினான். அந்த நாலஞ்சு வருஷம் வெளிநாட்டுக்குப் போன சாமான்ல இப்டி முத்திர குத்துனாங்க. அவன் போனான், முத்திரையும் போச்சு. இனிமே இந்த மாதிரி பொம்ம பொறக்கவே பொறக்காதும்மா!"

தோற்றவன் தோற்றேன் என்று பொம்மையின் பிருஷ்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறானே என்று எனக்கு ஒரு பக்கம் பரிதாபம், ஒரு பக்கம் ஆச்சரியம். நம் கோர்ட்டில் தோற்கிறவர்களுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யலாமே என்றேன். ஹெட் கிளார்க் முறைத்தார். அவர் அந்த மாசம்தான் ஒரு சொந்த வழக்கில் தோற்றிருந்தார்.

கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு மிராசுதார். மூன்று அமீனாக்களை ஏமாற்றியவர். சைக்கிள் மணி கேட்டாலே வைக்கோல்போருக்குள் நுழைந்துவிடுவார். நம்மாள் போனார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஜப்பான் தகரக் குரங்கை எடுத்துச் சாவி கொடுத்தார். அது தலையை ஆட்டி ஆட்டித் தாளம் தட்டிற்று. ஊரே கூடிவிட்டது. மூன்றாவது சாவிக்குக் கூட்டத்தின் பின்னாலிருந்து, தலையெல்லாம் வைக்கோலாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"இன்னாய்யா இது, தானா தட்டுது?"

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க நைனா, தொறந்தே காட்றேன்" என்று சம்மனை நீட்டினார் நம்மாள்.

மிராசுதார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதில் போட்டோம் என்று பார்த்தாராம். ஆனாலும் இவர் சொன்ன சொல் மாறாமல் குரங்கைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வந்தார்.

சரித்திரமும் சொல்வார். இருநூறு வருஷத்துக்கு மேலே ஜப்பான் ஊர் உலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததாம். வெள்ளைக்காரர்களில் டச்சுக்காரனை மட்டும் ஒரு குட்டித் தீவில் வியாபாரம் பண்ண விட்டார்களாம். "அந்த டச்சுக்காரனுக்குக் கோட்டை எங்க இருந்துச்சு? நம்ம பழவேற்காட்ல! இங்கேர்ந்துதான் துணி எடுத்துக்கினு போனான். சாத்தின கதவுக்குள்ள பூந்தது இன்னாது? நம்ம ஊரு துணி!" என்று மார்தட்டுவார். என்னவோ அவரே தலையில் சுமந்துகொண்டு போன மாதிரி.

இத்தனை பேசுகிற மனுஷர் ஒரு விஷயத்தை மட்டும் வாயைத் திறந்து பேசியதில்லை. அவர் சம்சாரம் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். அந்த அம்மாவின் தாய்வீட்டுச் சீர், பெயர் வெட்டிய பித்தளை அண்டா. அதை மூர் மார்க்கெட்டில் கொடுத்துவிட்டு, ஒரு ஜப்பான் இரும்புக் கெண்டியை வாங்கி வந்துவிட்டார் மனுஷர். "அந்த ஜப்பானே உனக்குச் சோறு பொங்கிப் போடட்டும்" என்று ஒரே சொல்லோடு பஸ் ஏறிவிட்டாள் அந்த அம்மா.

எங்கள் குடும்பம் பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம். எங்கள் வீட்டுக் கொலுவென்றால் தெருவே வரும். அந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை. ஒரு படி முழுக்க ஜப்பான் பொம்மை வைத்து எல்லோரையும் வாய் பிளக்க வைக்க வேண்டும்! கேட்டதுமே ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். கூடவே ஜப்தி பண்ணிய சாமானுக்கு எழுதுகிற மாதிரி ஒரு பட்டியல்: 'செல்லுலாய்டு குழந்தை ஒன்று, மூக்கு நசுங்கியது. தகரக் குரங்கு ஒன்று, நடப்பில் உள்ளது. சிவப்பு உருண்டை பொம்மை ஒன்று, கை கால் இல்லை, கண் ஒன்று.'

அந்தச் சிவப்பு உருண்டையை மட்டும் துணியில் சுற்றித் தனியாகக் கையில் கொடுத்தார். "இத்த மட்டும் பெருமாளாண்ட வைங்கம்மா."

"இது யாரு?"

"சாமியாரு. ஒம்போது வருஷம் செவுத்தப் பாத்துக்கினே குந்திக்கினு இருந்து, கையும் காலும் தேஞ்சு போச்சாம். நம்ம காஞ்சிபுரத்து ஆளுன்னு சொல்றாங்க."

ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கை கால் தேயுமென்றால் எங்கள் ஹெட் கிளார்க்குக்கு எப்போதோ தேய்ந்திருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு வாங்கி வைத்தேன்.

அம்மா பார்த்தாள். "ஏண்டி, ஒரு கண் வெறும் வெள்ளையா இருக்கே! மூளியான பொம்மையைப் பெருமாள் பக்கத்துல வெப்பாளோ? நன்னாருக்கு!"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பாவம், வர்ணம் பூசியவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது. கண்மையை எடுத்து, ஈர்க்குச்சியால் தொட்டு, இன்னொரு கண்ணையும் எழுதிவிட்டேன். என்ன அழகு! ஜம்மென்று முழித்துப் பார்த்தது.

மூன்றாம் நாள் சுண்டலுக்கு வந்தார் ஜப்பான் அமீனா. படியைப் பார்த்தார். அடியாளோடு வந்து அரிவாளை ஓங்கியவர்களுக்குக்கூடச் சிரித்துக்கொண்டே சம்மன் கொடுத்தவர், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு கண்ணு போட்டது?"

"இவள்தான்! எத்தனை லட்சணமா இருக்கு பாருங்கோ" என்றாள் அம்மா பெருமையாக.

சுண்டலை வாங்காமலே எழுந்து போனார். வாசல்வரை பின்னாலேயே ஓடினேன். அப்போதுதான் சொன்னார். கப்பலில் சமையல் பண்ணுகிற, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெரியவர் கொடுத்த பொம்மை அது. ஒரு காரியத்தை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை எழுத வேண்டும். காரியம் நடந்த பிறகுதான் மறு கண். அதுவரை சாமியார் ஒற்றைக் கண்ணோடு காத்திருப்பார். இன்னொரு கண்ணுக்கு ஆசைப்பட்டு வேலையை முடித்துக் கொடுப்பார்.

"வேலை முடியறதுக்கு முன்னாடியே கூலி குடுத்துட்டீங்களேம்மா. இனிமே அவரு எதுக்கு வேலை செய்வாரு? பெருமாளாண்ட இருந்தா சீக்கிரம் நடக்குமேன்னுதான் எடுத்தாந்தேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. "அழிச்சிடட்டுமா?"

"குடுத்த கண்ணப் புடுங்கறதா? வாணாம்மா."

"அப்படி என்னதான் வேண்டிக்கிட்டீங்க?"

சைக்கிள் மணியைத் துடைத்தார். ஒன்றுமில்லாத இடத்தில் மறுபடியும் துடைத்தார். "கன்னியம்மா வரணும்னு."

எனக்கு வந்ததே கோபம்! "அதுக்கு எதுக்கய்யா ஜப்பான் சாமியாரு? நேரே போய்க் கூப்பிட வேண்டியதுதானே?"

"கதவச் சாத்திட்டா?"

"ஊர்ல நீங்க பார்க்காத கதவா?"

"அதெல்லாம் மத்தவங்க கதவும்மா" என்றார்.

விளையாட்டுப் போல ஒரு மனுஷரின் இரண்டு வருஷ நம்பிக்கையை ஈர்க்குச்சியால் குத்திவிட்டேனே! அடுத்த ஞாயிறு பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறிக் கும்மிடிப்பூண்டி போய் இறங்கினேன். புதிதாகக் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த சமயம். அண்ணன்காரர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். கன்னியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முறம் நின்றது.

"டப்புக்காவ வித்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்மா. கெண்டிக்காவ! சரி, அத்த வுடு. ஊர்ல இருக்கறவன் போறவனுக்கெல்லாம் தேடித்தேடி சம்மன் குடுக்கறாரு இல்ல? என்னை ஒரு நாளு தேடி வந்தாரா? ஒரு கார்டு போட்டாரா? நான் இன்னா அந்த மிராசுதாரவிட மோசமா பூட்டேனா?"

நான் எழுந்துகொண்டேன். கிளம்பும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். "அந்தக் கொரங்கு இன்னும் தட்டுதா?"

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மறுநாள் ஆபீசில் எல்லோரும் போன பிறகு, என் சொந்த வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி அடித்தேன். 'வாதி: அமீனா. பிரதிவாதி: கன்னியம்மா. மேற்படி பிரதிவாதி, வாதியோடு குடும்பம் நடத்தச் சம்மதமா இல்லையா என்பதை நேரில் தெரிவிக்க வேண்டியது. தவறினால் வாதி தினமும் வாசலில் வந்து நிற்பார்.'

அமீனா இரண்டு தரம் படித்தார். "முத்திர இல்லியே. இது செல்லாதும்மா."

"செல்லுமா செல்லாதான்னு பிரதிவாதி சொல்லட்டும்."

"என் கேசுக்கு நானே எடுத்துக்கினு போவக்கூடாது. சட்டம் எடம் குடுக்காது."

"சட்டத்தை நான் பார்த்துக்கறேன். மொதல்ல கிளம்புங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனார். திங்கட்கிழமை ஆள் வரவில்லை. ஹெட் கிளார்க் கேட்டதற்கு ஜுரம் என்று பொய் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து, என் மேஜையில் ஒரு காகிதத்தை வைத்தார். சம்மனின் இரண்டாவது பிரதி. ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு இன்னொன்றின் பின்னால் நடந்ததை எழுதிக் கோர்ட்டில் சேர்ப்பது அமீனா முறை. அவருடைய சதுரச் சதுரமான எழுத்தில் எழுதியிருந்தது:

'மேற்படி பிரதிவாதியை அவர் அண்ணன் வீட்டில் நேரில் கண்டேன். சம்மனை வாங்க மறுத்தார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். பயம் என்று சொன்னேன். வாங்க மறுத்தால் கதவில் ஒட்ட வேண்டும் என்பது விதி என்று தெரிவித்தேன். ஒட்டுவதற்குப் பசை கொண்டுபோகவில்லை. பிரதிவாதி உள்ளே போய் மாவு கரைத்துப் பசை காய்ச்சித் தந்தார். ஒட்டினேன். கோணலாக இருக்கிறது என்று பிரதிவாதியே எடுத்து நேராக ஒட்டினார். பிறகு சாப்பிடச் சொன்னார். மறுநாள் காலை பஸ்ஸில் பிரதிவாதியுடன் திருவள்ளூர் வந்து சேர்ந்தேன். சாட்சி: மைத்துனர்.'

"இதை எந்தக் கட்டில் சேர்க்கறது?" என்று கேட்டேன்.

"நீங்கதாம்மா கோர்ட்டு. நீங்களே வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைய சம்மன் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெகு வருஷம் டைப் அடித்தேன். எத்தனையோ பெரிய பெரிய தீர்ப்புகள் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன, ஒரு வரிகூட ஞாபகமில்லை. அந்த மனுஷரும் போய்ச் சேர்ந்துவிட்டார், கன்னியம்மாவும் போய்விட்டாள். காகிதம் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. எப்போது எடுத்துப் படித்தாலும், பசை காய்ச்சித் தந்தார் என்ற இடத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. பாழாய்ப்போன மனுஷர், இந்த வயசிலும் என்னை விடமாட்டேன் என்கிறார்.