மஸ்ட் விசிட் மாஸ்டர்

"வெளிநாட்டுல இருக்குற ஒரு டூரிஸ்ட் எடத்த எனக்கு ரெகமண்ட் பண்ணும்மா" என்றார் சக்திகுமார்.

யாஸ்மின் வேலை கேட்டு வந்திருந்தாள். அருப்புக்கோட்டையில் ஒரு டயர் கடைக்கு மாடியில் அவர் நடத்திய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு உதவி ஆசிரியை தேவைப்பட்டது. நேர்முகத் தேர்வில் அதுதான் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

"எந்த நாடு சார்?"

"ஒனக்குப் புடிச்ச நாடு."

யாஸ்மின் அதிகம் பேசாத பெண். எட்டாவது வரை தமிழிலும் அதன்பின் ஆங்கிலத்திலும் படித்ததால், இரண்டு மொழிகளிலும் பேசாமல் இருக்கத் தெரிந்தவள். "நான் எந்த நாட்டுக்கும் போனதில்லையே சார். மதுரையவே தாண்டுனதில்ல" என்றாள்.

"போனியான்னா கேட்டேன்?"

"இல்ல சார்."

"ரெகமண்ட் பண்ணுன்னுதானே சொன்னேன்? போய்ப் பாத்துட்டு வந்து சொல்றதுக்குப் பேரு ரெகமண்டேஷன் இல்லம்மா. அது சாட்சி. அதுக்குக் கோர்ட்டு இருக்கு."

பிறகு அவரே எழுந்து நின்று, நூல் கடைக் காலண்டரில் இருந்த பனிமலையைக் கைகாட்டி, சுவிட்சர்லாந்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரே மூச்சாகப் பேசினார். அதன் காற்று, அதன் ரயில், அதன் பசு, அந்தப் பசுவின் கழுத்து மணி. வெளியே வெயில் தார்ச் சாலையை இளக்கிக்கொண்டிருக்க, உள்ளே யாஸ்மினுக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடத் தோன்றியது.

"நீங்க அங்க எத்தன வருஷம் சார் இருந்தீங்க?"

"நானா? நான் இந்தா இருக்குற பாலவனத்தம்."

வாசகர்களே, உலகத்தில் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் ஓர் இனம், பார்த்துவிட்டும் சொல்லாதவர்கள் ஓர் இனம். இவர் மூன்றாவது இனம். 'பாராப் பரிந்துரையாளர்' என்று இந்த இனத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். ஊர் வைத்த பெயர் 'மஸ்ட் விசிட் மாஸ்டர்'. எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதைவிட நல்லது ஒன்று அதைவிடத் தூரத்தில் இருப்பதாகச் சொல்பவர் எவரோ, அவரே இந்த இனம். நீங்கள் டீக்கடையில் நின்று "நேத்து ராத்திரி ஒரே புழுக்கம்" என்று சொல்லிவிட்டால் போதும், கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஒரு தடவ நார்வே போயிட்டு வந்துரணும்ணே" என்பார். டயர் கடைக்காரருக்கு மூட்டுவலி என்றால் ஐஸ்லாந்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. பக்கத்துத் தெருவில் துக்க வீட்டுக்குப் போனார். செத்தவருடைய மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று சுற்றி நின்றவர்கள் காது கொடுத்தார்கள். "காரியமெல்லாம் முடியட்டும். மனசுக்கு ஒரு மாறுதலா நியூசிலாந்து போயிட்டு வாங்க."

வீட்டில் கன்னடம், வீதியில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். மூன்று மொழிகளிலும் பரிந்துரைப்பார். மனைவி ஜீவிதா கல்யாணமான நாள் முதலாகக் கேட்டுக்கொண்டிருப்பது திருச்செந்தூர். கிடைத்துக்கொண்டிருப்பது மாலத்தீவு.

திருச்சுழிக் கோயில் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். பார்த்திருக்கிறாரா? "அது எங்க போயிரப் போகுது?" அந்தக் கோயிலைப் பார்ப்பதற்காகக் கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, பஸ் ஸ்டாண்டில் இவரிடம் திருச்சுழி பஸ் எது என்று கேட்டார்கள். அங்கே ஒன்றும் இல்லை, நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது பாரிஸ் என்று எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் போய்விட்டது.

சனிக்கிழமைதோறும் வகுப்பில் 'ரெகமண்டேஷன் டே'. ஒவ்வொருவராக எழுந்து ஒரு வெளிநாட்டு இடத்தைப் பரிந்துரைக்க வேண்டும். பின்பக்கச் சந்தில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், கத்தித்தான் பரிந்துரைக்க வேண்டும். அங்கே படித்துவிட்டுப் போனவர்கள் இன்றைக்கும் தமிழை மெதுவாகவும் ஆங்கிலத்தை உரக்கவும் பேசுவதற்கு வேறு காரணம் இல்லை. பந்தல்குடியில் இருந்து வந்த கருத்தப்பாண்டிக்கு நயாகரா. ஏதோ தன் அக்கா கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், சாப்பிடாமல் போகக் கூடாது, லாரி நிறுத்தத் தாராளமாக இடம் இருக்கிறது என்று சொல்லி அமர்வான். இன்னொரு பெண்ணுக்கு வெனிஸ். தெருவெல்லாம் தண்ணீர், வாசலைத் திறந்தால் தண்ணீர், எந்த வீட்டிலும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கரிசல் காட்டில் ஓர் ஊரை எப்படி எடைபோடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? கோபுரத்தை வைத்தா?

எல்லாம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. எதிர் வரிசையில் ஏசி போட்ட இன்னொரு வகுப்பு திறந்தபோதுகூட மாஸ்டர் அசரவில்லை. அங்கே இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள், இங்கே உலகம். கோடை விடுமுறைக்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு, மேடையேறி நாலு நாட்டைப் பரிந்துரைத்தார் என்றால், கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர் மயங்கிப்போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்கள். வருஷத்தின் வகுப்பே அந்தக் கூட்டத்தில்தான் நிரம்பும். அதாவது, மாஸ்டரின் பிழைப்பு மாஸ்டரின் வாயில் இருந்தது.

அந்த வாயை நம்பி ஒருவர் வந்து சேர்ந்தார். இந்த இனத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

வந்தவர் அப்துல் பாரி. டிராவல்ஸ் வைத்திருப்பவர்; வளைகுடாவுக்கு டிக்கெட் போடுவார், மக்காவுக்கு உம்ரா யாத்திரைக்கு ஆள் அனுப்புவார். அவர் மகன் அனீஸ் இங்கேதான் படித்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், பய வீட்டுல சிங்கப்பூரு சிங்கப்பூருன்னு உசுர வாங்குறான். அந்தச் செடிகொடித் தோட்டம், அந்தத் தண்ணி கக்குற சிங்கம், எல்லாம் கண்ணுல பாத்த மாதிரி சொல்றான். கேட்டா, மாஸ்டர் சொன்னாகங்கிறான். நானும் ரோசனை பண்ணேன். நம்ம ஊருல இருந்தே ஒரு டூரு கெளப்புனா என்ன? ஆளு சேந்துருச்சு. எங்க வீட்ல மீரான் பீவியும் வாராக. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். ஒங்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படியாச்சே."

யாஸ்மின் கரும்பலகையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒருவர்கூட "நீங்க போயிருக்கீகளா?" என்று மாஸ்டரைக் கேட்டதில்லை. அது இந்த ஊரின் மரியாதை. அந்த மரியாதைதான் இப்போது டிக்கெட்டோடு வந்து நின்றது.

"நானா பாய்? எனக்கு இங்க கிளாஸ் இருக்கே…"

"நாலு நாளு யாஸ்மின் பாத்துக்கும். நீங்க வரலேன்னா ஒருத்தரும் வரமாட்டாக மாஸ்டர்."

மாஸ்டரிடம் பாஸ்போர்ட் கிடையாது. விண்ணப்பம் போட்டார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வகுப்பு வாசலிலேயே நின்று, "வெளிநாடு போறது இதான் மொத தடவையா சார்?" என்று கேட்டார். நல்லவேளை, தறிகள் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் தலையைப் பொதுவாக அசைத்தார். யாஸ்மின் கதவைச் சாத்தினாள். வகுப்பு நயாகராவில் இருந்தது.

போனார்கள், வந்தார்கள். அங்கே நடந்ததை யாஸ்மினுக்குச் சொன்னவள் மீரான் பீவி. யாஸ்மின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள்.

"ஏர்போர்ட்டுல மாஸ்டர் தயாரா நின்னாகடி. ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணுன இங்கிலீஷு. வாயத் தொறக்கப் போறாக, அந்த ஆபீசரு பாஸ்போர்ட்டப் பொரட்டிட்டு, 'அருப்புக்கோட்டையா? எங்க தாத்தாவுக்குக் கமுதி'ன்னுட்டாரு. சுத்தத் தமிழு! மாஸ்டர் மொகம் போன போக்கப் பாக்கணுமே. ரயில்ல ஏறுனா அதுலயும் அறிவிப்பத் தமிழ்ல சொல்றான். இட்லிக் கடைக்காரரு காரியாபட்டி. வந்த எடத்துல இங்கிலீஷ எறக்கி வைக்க ஒரு தோது இல்ல அவுகளுக்கு."

"சிங்கம் பாத்தீங்களா மாமி?"

"பாக்காம? வாயில இருந்து தண்ணிய ஊத்திக்கிட்டே நிக்குது. கீழ பாத்தா அங்கயும் தண்ணி! தண்ணிக்குள்ளயே தண்ணிய ஊத்துறானுவ. நாம இங்க ஒரு கொடத்துக்கு லாரி பின்னால ஓடுறோம். எனக்கு வயிறே எரிஞ்சு போச்சு."

"மாஸ்டர் என்ன சொன்னாக?"

"எங்க சொன்னாக? பேசாமப் பாத்துக்கிட்டே நின்னாக. 'மாஸ்டர், சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு எங்க வீட்டுக்காரரு உசுப்புறாரு. அவுக, 'நல்லாருக்கு பாய்'ன்னாக. அம்புட்டுத்தான். அவுக வாய் மூடி நான் பாத்தது அன்னைக்குத்தான்."

திரும்பி வந்த சனிக்கிழமை வகுப்பு நிரம்பி வழிந்தது. முதல் முறையாக ஒரு பரிந்துரையாளர் சாட்சியாகவும் வந்திருக்கிறார் அல்லவா? மாஸ்டர் எழுந்து நின்றார். தொண்டையைச் சரிசெய்தார். "சிங்கப்பூர்…" என்றார். பழைய மாஸ்டராக இருந்தால் இந்நேரம் தோட்டத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போயிருப்பார். இவர் யோசித்தார். யோசிப்பது இந்த இனத்துக்கு ஆகவே ஆகாது.

"நல்ல ஊருதான். வெயிலு நம்ம ஊரு மாதிரிதான் அடிக்குது, வேர்வ கொஞ்சம் ஜாஸ்தி. நெறைய நடக்க விட்டுர்றாங்க. செருப்பு நல்லதாப் போட்டுக்கங்க."

கருத்தப்பாண்டி கையைத் தூக்கினான். "சார், மஸ்ட் விசிட்டா?"

மாஸ்டர் நூல் கடைக் காலண்டரைப் பார்த்தார். பிறகு கருத்தப்பாண்டியைப் பார்த்தார்.

"போனாப் போகலாம்டா."

அடுத்த வாரம் அனீஸ் எதிர் வரிசை ஏசிக்குப் போய்விட்டான். அவன் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மாஸ்டர் மற்ற நாடுகளையாவது பரிந்துரைத்துப் பார்த்தார். அவையும் வரவில்லை. ஆல்ப்ஸ் என்று ஆரம்பித்தால் செருப்பு ஞாபகம் வந்தது. வெனிஸ் என்றால் சிங்கப்பூரில் கால் கடுக்க நின்ற வரிசை ஞாபகம் வந்தது. ஒரே ஒரு ஊரைக் கண்ணால் பார்த்த பாவத்துக்கு உலகமே கையை விட்டுப் போய்விட்டது.

வகுப்பு முடிந்து விளக்கை அணைக்கும்போது அவர் யாஸ்மினிடம் சொன்னார். "நல்லாத்தாம்மா இருந்துச்சு. நான் இல்லேங்கல. ஆனா நம்ம சொன்ன மாதிரி இல்ல. நம்ம சொன்னது இன்னும் நல்லா இருந்துச்சு."

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் போன வாரம் யாரோ ஒரு சொந்தக்காரர் பிள்ளைக்கு, நீங்கள் வாசற்படியைக்கூட மிதிக்காத ஒரு கல்லூரியைச் சொல்லி, "கண்ண மூடிக்கிட்டுச் சேத்துவிடுங்க" என்றது யார்? போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையைத் தங்கமான பையன் என்றது யார்? சாப்பிடாத பிரியாணிக்கும் போடாத மாத்திரைக்கும் பக்கத்து வீட்டாரிடம் உத்தரவாதம் கொடுத்தது யார்? இருக்கட்டும். இந்தப் பக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, போனில் படம் எடுத்து, "செமையா இருக்கு, அவசியம் படி" என்று யாருக்கோ அனுப்பலாமா என்று கொஞ்சம் முன்னால் உங்கள் விரல் துடித்ததே, அதையாவது ஒப்புக்கொள்வீர்களா? அனுப்பிவிட்டீர்கள் என்றால் சரி, நம் இனம்தான். வாருங்கள், மண்டபத்தில் இடம் போட்டிருக்கிறது.

மண்டபத்தில் அன்றைக்கு அந்த வருஷத்துக் கோடைக் கூட்டம்; வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அடுத்த டூருக்கு இப்போதே ஆள் பிடிக்கும் உத்தேசத்தில், வாசலில் அப்துல் பாரி ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்திருந்தார். 'சிங்கப்பூர் கண்ட செம்மல்' என்ற எழுத்துக்குக் கீழே கோட்டு போட்ட மாஸ்டர். பின்னால் சிங்கம் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பெற்றோர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதிர் வரிசை ஏசி வகுப்பின் நோட்டீஸும் சிலர் கையில் இருந்தது. இங்கே மாஸ்டர் பேச்சைக் கேட்டுவிட்டு எங்கே சேர்ப்பது என்று முடிவுசெய்யப் போகிறார்களாம். முதல் வரிசையில் ஜீவிதா. திருச்செந்தூரே இன்னும் பார்க்காத முகம்.

"இப்போது நம் மாஸ்டர், தாம் நேரில் கண்ட சிங்கப்பூரை நமக்குப் பரிந்துரைப்பார்!" என்று மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டல் எழுந்தது. மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் நின்ற சக்திகுமார் நகரவில்லை. கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, தண்ணீர் பாட்டிலோடு நின்ற யாஸ்மினைப் பார்த்தார்.

"யாஸ்மின், சிங்கப்பூர நீ பேசிரும்மா."

"நானா? நீங்கதானே சார் போயிட்டு வந்தீங்க?"

"அதனாலதாம்மா கேக்குறேன்" என்றார் அவர். "நீதான் இன்னும் போகலையே. மதுரையவே தாண்டாத ஆளு. ஒனக்குத்தாம்மா வாய் வரும். போ, போய்ச் சொல்லிட்டு வா."