பிள்ளையார் ஏறிய கண்டெய்னர் கப்பல்

பக்கத்து வீட்டுக்காரன் மீது பொறாமை வந்தால் வீடு மாறிக்கொள்ளலாம். ஆபீஸில் ஒருவன் மீது வந்தால் வேலையை மாற்றிக்கொள்ளலாம். சகலை மீது வந்தால் மட்டும் தப்பிக்க வழியே கிடையாது. எல்லாக் கல்யாணத்துக்கும் அவனும் வருவான். பந்தியில் நம் பக்கத்து இலையில்தான் உட்காருவான். அப்பளம் அவனுக்கு மட்டும் இரண்டு விழும்.

என் சகலை சங்கரன், அதாவது என் மனைவி செல்வியின் தங்கை புருஷன், கண்டெய்னர் கப்பலில் என்ஜினீயர். வீடு சான்பாடாவில். பாதி வருஷம் கடலில் இருப்பான், முழு வருஷமும் மாமனார் வாயில் இருப்பான். நான் விக்ரோலியில் இரும்பு பீரோ செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமனார், கடைக்கு வருகிறவர்களிடம் எங்களை அறிமுகப்படுத்துவார்.

"இவுக சின்ன மாப்ள. நானூறு மீட்டர் கப்பல்ல என்ஜின் பாக்காக. இருபத்து நாலாயிரம் பெட்டி ஏத்துற கப்பலாக்கும்!"

பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவுக பெரிய மாப்ள. விக்ரோலி" என்று முடித்துவிடுவார். (விக்ரோலி ஒரு ஸ்டேஷன்யா, உத்தியோகம் இல்லை!)

அந்த மனுஷர் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும். அதுவும் சங்கரன் பக்கத்தில் நிற்கும்போது வர வேண்டும். இதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே லட்சியம்.

எங்கள் திலக் நகர் பில்டிங்கில் கணபதி வைத்து, ஐந்தாம் நாள் விசர்ஜன் என்று கொண்டுபோய்த் தண்ணீரில் கரைப்பார்கள். அந்த வருஷம் அலங்காரம் என்ன என்று மீட்டிங்கில் பேச்சு வந்ததும், "கண்டெய்னர் கப்பல்! நானே கட்டித் தருகிறேன்" என்று எழுந்து நின்றேன். சங்கரனுக்குக் கப்பலில் ஏறத்தான் தெரியும், கட்டுவதற்கு இரும்பு தெரிந்தவன் வேண்டும் என்பது என் கட்சி.

"அவருகிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்களேன்" என்றாள் செல்வி.

"அவன்கிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?"

லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே மொபைலில் வீடியோ பார்த்துப் படித்தேன். பெரிய கப்பலை அடியிலிருந்து சுவர் எழுப்புகிற மாதிரி கட்டுவதில்லையாம். துண்டு துண்டாகத் தனியே செய்து, ராட்சத கிரேனில் தூக்கி வந்து ஒட்டவைக்கிறார்கள். பெட்டிகளில் ஏறக்குறைய பாதி மேல்தளத்துக்குக் கீழே, கப்பலின் வயிற்றுக்குள் போய்விடும். கேப்டன் நிற்கும் இடம் முன்பக்கம் இருக்கும், புகைபோக்கி பின்னால் தனியாக இருக்கும். பின்னால் நின்றால் பெட்டி மலையைத் தாண்டிக் கடல் தெரியாதல்லவா? (பில்டிங் செக்ரட்டரி காக்கா, கேபின் பின்னால்தானே இருக்கும் என்கிற அர்த்தத்தில் "கேபின் பீச்சே ஹோதா ஹை நா?" என்று கேட்டபோது நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சொந்தமாக நாலு கப்பல் வைத்திருப்பவன் கூட அப்படிச் சிரிக்க மாட்டான்.)

என்னை மயக்கியது என்ஜின்தான். மாடி வீட்டு உயரம் இருக்குமாம். அதனால் அதை முதலில் உள்ளே இறக்கிவிட்டு, பிறகு மேலே மூடிக் கட்டுவார்களாம். நானும் அப்படியே செய்தேன். இருபதடி நீளம், மூன்றடி அகலத்தில் அடித்தளம் போட்டு, என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையாரை வைத்தேன். படுதா போட்டு மறைத்து, அவரைச் சுற்றி ஆங்கிள் அடித்து, வெல்டு வைத்து, பிளைவுட் போர்த்தி, மேலே மாமனார் கடை சோப்பு அட்டைப்பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து அடுக்கினேன். தரிசனத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் விட்டேன். கூட்டம் அலைமோதியது.

மூன்றாம் நாள் மாமனார் வந்தார். லீவில் வந்திருந்த சங்கரனும் கூடவே வந்தான். மாமனார் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே மாப்ள..." என்று ஆரம்பித்தார். என் பிறவிப் பயன் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து சங்கரன் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"ஜோரா இருக்கு அண்ணாச்சி. விசர்ஜனுக்கு எந்தப் பக்கம் திறக்கும்?"

பயலுக்குப் பொறாமை என்று முடிவு செய்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! "அதெல்லாம் டிசைன்ல இருக்கு தம்பி" என்றேன். டிசைனில் அப்படி எதுவும் இல்லை என்று யோசிக்கக்கூட அந்தச் சந்தோஷம் என்னை விடவில்லை.

ஐந்தாம் நாள் விசர்ஜன். மாமனாரும் சங்கரனும் மறுபடி வந்திருந்தார்கள். கேட்டில் டோல் தாஷா முழங்கியது. புரோகிதர் பட்ஜி கடைசிப் பூஜையை முடித்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பிள்ளையாரை லேசாக அசைத்து வைத்தார். அசைத்துவிட்டால் அவர் புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம், அதற்குமேல் உட்காரவைக்கக் கூடாது. "உச்சலா!" என்றார். தூக்குவதற்கு நாலு பேர் பலகையோடு வந்தார்கள். கப்பலை ஒரு சுற்று சுற்றினார்கள். மறுபடியும் சுற்றினார்கள். செக்ரட்டரி காக்கா என்னைப் பார்த்தார்.

"தர்வாஸா கிதர் ஹை?" கதவு எங்கே என்கிறார்!

ஜன்னலில் தும்பிக்கை வரும், தொப்பை வரும், கிரீடமும் தோளும் வராது. மேலே முழுக்க வெல்டு. நான் இரும்பு வெட்டும் கிரைண்டரைத் தேடி ஓடினேன். "களிமண் பிள்ளையார் மேல நெருப்புப் பொறி தெறிக்கவா?" என்று பட்ஜி அலறினார்.

சங்கரன்தான் சட்டையைக் கழற்றினான். இரும்புத்தூள் விழாமல் ஒரு சாக்கைப் பிள்ளையார் மேல் போர்த்தினான். சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு ஆக்ஸா பிளேடை என் கையில் கொடுத்து, இன்னொன்றை அவன் எடுத்துக்கொண்டான். எதிரும் புதிருமாக உட்கார்ந்து அறுத்தோம். வெல்டு லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வைத்த மிகச் சிறந்த வெல்டு அதுதான். டோல்காரர்கள் அடித்து அலுத்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஒருவழியாகப் பிள்ளையார் வெளியே வந்ததும், சிரிக்கத் தயாராக இருந்த கூட்டத்தைப் பார்த்து சங்கரன் சத்தமாகச் சொன்னான்.

"நெசக் கப்பல்லயும் இதான் முறை. பெரிய என்ஜினை வெளிய எடுக்கணும்னா பக்கத்துல வெட்டித்தான் எடுக்கணும். அண்ணாச்சி கரெக்டாத்தான் கட்டிருக்காக."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷப் பொறாமையும் கரைந்து போவது போலிருந்தது. அப்போது மாமனார் என் தோளைத் தொட்டார்.

"பாத்தியளா, சின்ன மாப்ளைக்கு எம்புட்டுப் பெரிய மனசு!"

இப்போதும் ஒவ்வொரு சதுர்த்திக்கும் சான்பாடாவிலிருந்து கொழுந்தியாள் போன் செய்கிறாள். "அத்தான், இந்த வருசமாவது பிள்ளையாரை வெளிய விடுவியளா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பின்னாலிருந்து "ஏட்டி, அண்ணாச்சியைக் கிண்டல் பண்ணாத" என்று சங்கரனின் அன்பான குரல் கேட்கும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.